இரண்டு கோடுகள்: பிரெஞ்சுச் சொற்குடும்பங்களும் அசைப்பிரிப்பும்

பிரெஞ்சு கற்கத் தொடங்கிய நாள்களில் சொற்களைக் குடும்பம் குடும்பமாக ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. பக்கத்தின் தலையில் ஒரு வேர்ச்சொல், அதன் கீழே அதிலிருந்து பிறந்த பெயர்கள், வினைகள், அடைகள். ஒவ்வொன்றிலும் முன்னொட்டு எங்கே முடிகிறது, பகுதி எங்கே தொடங்குகிறது, விகுதி எங்கே ஒட்டுகிறது என்று காட்ட நீலப் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு. 'உதீல்' என்றால் பயனுள்ளது. முன்னால் எதிர்மறை ஒட்டான 'இன்' சேர்ந்தால் 'இனுதீல்', பயனற்றது. என் கோடு 'இன்' என்பதற்கும் 'உதீல்' என்பதற்கும் நடுவே விழுந்தது. ஆனால் சொல்லை வாய்விட்டுப் படித்தபோது நாக்கு அந்தக் கோட்டை மதிக்கவில்லை. இ-னு-தீல் என்றுதான் அது பிரிந்தது. முன்னொட்டின் கடைசி மெய் தன் வீட்டை விட்டு அடுத்த வீட்டு உயிரோடு போய்ச் சேர்ந்திருந்தது. ஒழுங்கைக் குறிக்கும் 'ஓர்த்ர்' என்ற சொல்லின் முன் 'தேஸ்' ஒட்டினாலும் அதே கதைதான்: பொருள் 'தேஸ்' முடியும் இடத்தில் பிரிகிறது, ஒலியோ தே-ஸோர்த்ர் என்று பிரிகிறது, போதாததற்கு அந்த ஸகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அதிர்வொலியாகவும் மாறிவிடுகிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு கோடுகள் போட்டேன்: பொருள் பிரியும் இடத்தில் நீலம், அசை பிரியும் இடத்தில் சிவப்பு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் சொற்கள் தொல்லை தருவதில்லை. அவை விலகி விழும் இடங்களில்தான், ஒரே குடும்பத்துச் சொற்கள் ஒன்றுக்கொன்று முகச்சாயல் இல்லாமல் நிற்பதற்கான காரணமும், எழுத்துக்கூட்டலின் பெரும்பாலான புதிர்களும் ஒளிந்திருக்கின்றன என்பது என் அனுபவம்.

மேலே செல்வதற்குமுன் இரண்டு விளக்கங்கள். இங்கே அசை என்று நான் சொல்வது யாப்பின் நேரசையும் நிரையசையும் அன்று. நிரையசையில் இரண்டு உயிர்கள் வரலாம், இங்கே ஓர் அசைக்கு ஓர் உயிர்தான். அடுத்து, பிரெஞ்சின் மூக்குயிர்களைத் தமிழில் எழுத வழியில்லாததால் (ன்) என்று அடைப்புக்குள் காட்டுகிறேன். அதை மெய்யாக உச்சரிக்காமல், முன்னுள்ள உயிரை மூக்கின் வழியே விடுவதற்கான குறியாகக் கொள்ள வேண்டும்.

சிவப்புக் கோட்டுக்கான விதிகள் சில வரிகளில் அடங்கும். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னுள்ள உயிரோடு சேரும். இரண்டு மெய்கள் வந்தால் ஆளுக்கொரு பக்கம் போகும்: புறப்படுதலைக் குறிக்கும் 'பர்-தீர்' போல. ஆனால் இரண்டாவது மெய் லகரமாகவோ ரகரமாகவோ இருந்து முதலாவது ப், த், க், ஃப் போன்ற ஒலியாக இருந்தால் இரண்டும் பிரியாமல் பின்னால் சேரும்: ஓவியம் 'தா-ப்ளோ', எழுதுதல் 'எ-க்ரீர்'. இரட்டித்து எழுதிய மெய்யை, வரி உடையும்போது அச்சுக்கோப்பவர் நடுவில் பிரிப்பார். வாய்க்கு அது ஒரு மெய்தான். சொல்லின் இறுதியில் வரும் ஊமை எகரம் அச்சில் ஓர் அசை, பேச்சில் பெரும்பாலும் ஒன்றுமில்லை, மரபுச் செய்யுளிலோ அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் மறுபடியும் ஓர் அசை.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே விருப்பம்: அசை மெய்யில் தொடங்கி உயிரில் முடிய வேண்டும். மெய்யின்மேல் உயிர் ஏறும் என்று புணர்ச்சி இலக்கணம் படித்த நமக்கு இது புதிதன்று. 'நான் இல்லை' என்பதை நானில்லை என்று சேர்த்துச் சொல்லும் வாய்க்கு, பிரெஞ்சுக்காரர் 'இல் அ' என்பதை 'இ-லா' என்று சொல்வது விளங்காமல் போகாது. வேறுபாடு என்னவென்றால், பிரெஞ்சில் இந்த விருப்பம் சொற்களை ஒட்டுவதோடு நின்றுவிடாமல், பல நூற்றாண்டுகளாகச் சொற்களின் உள்ளே புகுந்து அவற்றைச் செதுக்கியிருக்கிறது.

எளிதான செதுக்கலிலிருந்து தொடங்குகிறேன். பல்லைக் குறிக்கும் சொல் 'தா(ன்)'. எழுத்தில் இறுதியில் ஒரு தகரம் உண்டு, காதில் இல்லை. பல் மருத்துவர் 'தா(ன்)-தீஸ்த்'. அங்கே அந்தத் தகரம் உயிர் பெற்று எழுந்துவிடுகிறது. ஈயம் 'ப்ளோ(ன்)', குழாய் வேலை செய்பவர் 'ப்ளோ(ன்)-பியே'. சிறியது 'பெதீ', சிறுமை 'பெ-தி-தெஸ்'. இறுதியில் பேசாத மெய்யைப் பிரெஞ்சுக்காரர்கள் வீணாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்று தொடக்கத்தில் எரிச்சலடைந்தவன் நான். பிறகுதான் அது குடும்ப அடையாளம் என்று புரிந்தது. அசையின் இறுதியில் நின்றதால் ஒலியிழந்த மெய், உயிரில் தொடங்கும் விகுதி ஒன்று வந்தவுடன் அடுத்த அசையின் தொடக்கமாகிப் பேசத் தொடங்குகிறது. ஆகவே ஒரு சொல்லின் இறுதியில் எந்த ஊமை மெய்யை எழுதுவது என்ற ஐயம் வந்தால், அகராதியைத் திறப்பதற்குமுன் அதன் பிள்ளைகளில் ஒன்றை நினைத்துப் பார்ப்பது நல்ல வழி.

மூக்குயிர்களும் இதே கணக்குத்தான், ஆனால் இன்னும் அழகான கணக்கு. முடிவைக் குறிக்கும் சொல் 'ஃபே(ன்)'. பசியைக் குறிக்கும் சொல்லும் 'ஃபே(ன்)'. காதுக்கு இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. விகுதி சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: முடித்தல் 'ஃபி-னீர்', பஞ்சம் 'ஃப-மீன்'. முதலாவதில் னகரமும் இரண்டாவதில் மகரமும் ஒளிந்திருந்திருக்கின்றன. அசையின் இறுதியில் நின்றவரை மூக்கொலி மெய் தன்னைக் கரைத்துக்கொண்டு உயிரின் நிறத்தை மாற்றியது. அடுத்த அசைக்கு இடம்பெயர்ந்தவுடன் அது மீண்டும் முழு மெய்யாகிறது, உயிரும் தன் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது. எதிர்மறை முன்னொட்டும் இப்படித்தான் இரண்டு முகம் காட்டுகிறது: உயிருக்கு முன் 'இனுதீல்', பகரத்துக்கு முன் 'ஏ(ன்)-போ-சீபிள்', அதாவது இயலாதது. முன்னொட்டு ஒன்றே, சிவப்புக் கோடு மட்டும் வேறு.

இதற்கு நேரெதிரான ஒரு சூழ்நிலையும் உண்டு. பழைய மெய் எதுவும் ஒளிந்திராத, உயிரில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் விகுதி சேர வேண்டியிருந்தால் என்ன செய்வது? நகை 'பிஜூ', நகைக்காரர் 'பி-ஜூ-தியே'. எண் 'நுமெரோ', எண்ணிடுதல் 'நு-மெ-ரோ-தே'. கூழாங்கல் 'கயூ', கூழாங்கல் நிறைந்தது 'க-யூ-தெ'. எங்கிருந்தோ ஒரு தகரம் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. உடம்படுமெய்க்கு நாம் யகரத்தையும் வகரத்தையும் வைத்திருப்பதைப் போல் அவர்களுக்குத் தகரம். புகையிலையான 'தபா' எழுத்தில் ககர ஒலிக்குரிய 'சி'யில் முடிந்தாலும், பொடிடப்பா 'த-ப-தியேர்' என்று தகரத்தையே எடுத்துக்கொண்டது. வாய்க்கு அது உயிரில் முடிந்த சொல், எழுத்தில் இருந்த 'சி'யை அது பொருட்படுத்தவில்லை.

என் நோட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டது லகரத்தின் கதை. தொப்பி 'ஷபோ', தொப்பி செய்பவர் 'ஷ-பெ-லியே'. கோட்டை 'ஷாத்தோ', கோட்டைத் தலைவர் 'ஷாத்-லே(ன்)'. சுத்தியல் 'மர்த்தோ', சுத்தியலால் அடித்தல் 'மர்த்-லே'. துண்டு 'மோர்சோ', துண்டாக்குதல் 'மோர்ஸ்-லே'. இந்த லகரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அது வரவில்லை, 'ஷபோ'விலிருந்து போய்விட்டது என்பதே விடை. பழைய பிரெஞ்சில் தொப்பி 'ஷபெல்'. பன்மையில் ஸகரம் சேர்ந்தபோது லகரம் அசையின் இறுதியில் இன்னொரு மெய்க்கு முன்னால் அகப்பட்டுக்கொண்டு உகரமாகக் கரைந்தது. பின்னர் ஒருமையும் பன்மையைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொண்டது. 'ஷபெலியே'யில் லகரம் அடுத்த அசையின் தலையில் உட்கார்ந்திருந்ததால் அதை எதுவும் அசைக்கவில்லை. அழகான என்ற பொருளில் ஆண்பாலுக்கு 'போ' என்றும், உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'பெல்' என்றும் இரண்டு வடிவங்கள் இருப்பதற்கும் இதே காரணம்: 'பெ-லா(ன்)-ஃபா(ன்)', அழகிய குழந்தை, என்னும்போது லகரத்துக்கு ஏறிக்கொள்ள ஓர் உயிர் கிடைக்கிறது. குதிரை 'ஷெவால்', குதிரைகள் 'ஷெவோ'. சூடானது 'ஷோ', சூடு 'ஷ-லெர்'. பாடப்புத்தகங்கள் இவற்றை ஒவ்வொன்றாக விதிவிலக்கு அட்டவணைகளில் போட்டுப் பயமுறுத்துகின்றன. ஒரே ஒரு மெய், அசையின் தலையிலா வாலிலா நிற்கிறது என்று பார்த்தாலே அந்த அட்டவணைகள் பாதியாகக் குறைந்துவிடும்.

உயிர்களின் வரலாறு சற்று ஆழமானது; அதற்கு லத்தீனுக்குப் போக வேண்டும். லத்தீனில் இரும்பு 'ஃபெர்-ரும்', கொடியது 'ஃபெ-ரும்'. முன்னதில் ரகரம் இரட்டித்திருப்பதால் முதல் அசை மூடியிருக்கிறது, அதாவது மெய்யில் முடிகிறது. பின்னதில் அது திறந்திருக்கிறது, அதாவது உயிரில் முடிகிறது. அழுத்தம் விழுந்த எகரம், மூடிய அசையில் அப்படியே தங்கிவிட்டது. திறந்த அசையிலோ நீண்டு உடைந்து இரட்டையுயிரானது. அதனால்தான் பிரெஞ்சில் இரும்பு 'ஃபேர்', பெருமிதம் கொண்டவர் 'ஃபியேர்'. அழுத்தம் இல்லாத அசைகளில் இந்த உடைவு நிகழவில்லை. எனவே ஒரே வேர், அழுத்தம் தன்மேல் விழும்போது ஒரு முகமும் விகுதிமேல் விழும்போது வேறொரு முகமும் கொண்டது: கடல் 'மேர்', கடலோடி 'ம-ரே(ன்)'; திரிகைக்கல் 'மெல்', ஆலை 'மு-லே(ன்)'; நாய் 'ஷியே(ன்)', நாய்க்கொட்டில் 'ஷெ-னீல்'; கல் 'பியேர்', வாசலின் கற்படி மேடை 'பெ-ரோ(ன்)'. வினைச்சொற்களிலும் இதே ஊசலாட்டம்: இறத்தல் 'மு-ரீர்', இறக்கிறான் 'மெர்'. பிற்காலத்தில் அறிஞர்கள் லத்தீனிலிருந்து நேரடியாக எடுத்துக்கொண்ட சொற்கள் இந்தத் தேய்மானம் எதையும் காணாமல் அதே குடும்பத்துக்குள் வந்து அமர்ந்தன. 'ஷியே(ன்)' என்ற வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் நாயினம் சார்ந்த என்ற பொருளுடைய 'க-னே(ன்)' உட்கார்ந்திருப்பது அப்படித்தான். அது உடன்பிறப்பா, தூரத்து உறவா என்று முடிவு செய்ய எனக்கு நெடுநாள் பிடித்தது.

அசையின் வாலில் நின்று அழிந்தவற்றுள் ஸகரமும் ஒன்று. வேறு மெய்க்கு முன்னால் அசையை மூடி நின்ற ஸகரம் 13-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பேச்சிலிருந்து மறைந்தது. அதற்குமுன், 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் அதைக் காப்பாற்றிக்கொண்டன. நாம் ஃபாரஸ்ட், ஹாஸ்பிட்டல் என்று சொல்லும்போது கேட்கும் ஸகரம் பிரெஞ்சின் 'ஃபொரே'யிலும் 'ஒப்பித்தால்'இலும் இல்லை. ஆனால் அவற்றின் பிள்ளைகளான 'ஃபொ-ரெஸ்-தியே', 'ஒஸ்-பி-த-லியே' இரண்டிலும் இருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் இன்னொரு விந்தை. 'ஸ்க', 'ஸ்த' என்று தொடங்கும் லத்தீன் சொற்களை நாக்கு ஏற்க மறுத்து, முன்னால் ஓர் எகரத்தை வைத்து ஸகரத்தை அந்த அசையின் வாலாக்கியது. பிறகு வாலில் நின்ற குற்றத்துக்காக அதே ஸகரம் அழிந்தது. பள்ளி 'எகோல்', ஆனால் பள்ளி சார்ந்தது 'ஸ்கொலேர்'; விண்மீன் 'எத்துவால்', விண்மீன் சார்ந்தது 'ஸ்தெலேர்'. இஸ்கூல் என்று நம் பேச்சுவழக்கில் ஓர் இகரம் முன்னால் வந்து நிற்பதும் இதன் முதல் பாதிதான்.

பேச்சில் போன ஸகரம் எழுத்தில் நெடுங்காலம் நீடித்தது. 1694-இல் பிரெஞ்சு அகாதமி தன் முதல் அகராதியை வெளியிட்டபோது காட்டுக்கும் தலைக்கும் ஸகரம் சேர்த்தே எழுதப்பட்டது. அந்த அகராதியைப் பற்றி எனக்கு மிகப் பிடித்த செய்தி வேறொன்று: அதில் சொற்கள் அகரவரிசையில் இல்லை, வேர்ச்சொல்லின் கீழ் குடும்பம் குடும்பமாக அடுக்கப்பட்டிருந்தன. என் நோட்டின் மூதாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். வேர் தெரியாதவர் சொல்லைத் தேட முடியாது என்ற சங்கடம் இருந்திருக்க வேண்டும்; 1718-இன் இரண்டாம் பதிப்பு அகரவரிசைக்கு மாறிவிட்டது. 1740-இன் மூன்றாம் பதிப்பு ஊமை ஸகரங்களைப் பெருமளவில் நீக்கி, பல இடங்களில் உயிரின் தலையில் கூரைபோன்ற சிர்கோன்ஃப்லெக்ஸ் குறியை நிறுத்தியது. ஆகவே கூரை போட்ட உயிரைக் கண்டால், குடும்பத்தில் ஸகரத்தோடு வாழும் உறவினர் ஒருவர் இருக்கிறாரா என்று தேடுவது பெரும்பாலும் பலன் தரும்.

இரட்டை மெய்கள்தான் என்னை உண்மையில் தோற்கடித்தவை. கொடுத்தல் 'தொனே' என்பதில் இரண்டு 'என்'. கொடையாளர் 'தொ-ன-தெர்' என்பதில் ஒன்று. மரியாதை 'ஒனெர்' என்பதில் இரண்டு, மரியாதை செய்தல் 'ஒ-னொ-ரே' என்பதில் ஒன்று. சொல்லெழுதும் பயிற்சி ஒன்றில் கொடையாளருக்கு இரண்டு 'என்' போட்டுச் சிவப்பு மை வாங்கியிருக்கிறேன். காரணம் மறுபடியும் அசைதான். ஒரு காலத்தில் 'தொனே' என்பதன் முதல் உயிர், பின்னால் மூக்கொலி மெய் முழுதாக ஒலித்தபோதும், தானும் மூக்கின் வழியே ஒலித்தது: 'தோ(ன்)-னே'. ஒரு 'என்' உயிருக்கு, இன்னொன்று அடுத்த அசைக்கு. 1672-இல் மோலியேர் எழுதிய நாடகத்தில், இலக்கணம் என்ற சொல்லை வேலைக்காரப் பெண் பாட்டி என்று புரிந்துகொள்வதாக ஒரு நகைச்சுவை வருகிறது. 'க்ரா(ன்)-மேர்' என்று இரண்டும் ஒன்றாக ஒலித்த காலத்துக்குத்தான் அந்தச் சிரிப்பு பொருந்தும். பின்னர் உயிர் தன் மூக்கொலியை விட்டுவிட்டது, எழுத்து மட்டும் இரண்டாகவே நின்றது. கொடையாளரோ லத்தீனிலிருந்து ஏட்டு வழியாக வந்தவர். அவருக்கு இந்த அனுபவம் எதுவும் இல்லாததால் ஒற்றை 'என்'.

இப்படி வரலாற்றுக் காரணம் உள்ளவற்றை மன்னிக்கலாம். காரணமே இல்லாமல் குடும்பத்தைப் பிரித்தவையும் இருந்தன: ஊதுதலுக்கு இரண்டு 'எஃப்', அதிலிருந்து வந்த வீங்கச் செய்தலுக்கு ஒன்று, 'ஷரெத்' என்ற வண்டிக்கு இரண்டு 'ஆர்', 'ஷரியோ' என்ற வண்டிக்கு ஒன்று. 1990 டிசம்பர் 6 அன்று அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தங்கள் இவற்றைச் சரிசெய்து குடும்பத்தோடு சேர்த்தன. அதே திருத்தம் உயிர்க்குறிகளையும் தொட்டது. வலப்பக்கம் சாய்ந்த 'எகு' குறி, வாயைக் குறைவாகத் திறந்து ஒலிக்கும் மூடிய ஓசை எகரத்துக்கு, இடப்பக்கம் சாய்ந்த 'க்ராவ்' குறி, வாயை அகலத் திறந்து ஒலிக்கும் திறந்த ஓசை எகரத்துக்கு. அடுத்த அசையில் ஊமை எகரம் இருந்தால் அது விழுங்கப்பட்டு முன்னசை மூடிக்கொள்வதால் 'க்ராவ்' வர வேண்டும் என்பது பொது விதி. அதனால்தான் கடுமையானது 'சேவேர்' என்பதன் இரண்டாம் உயிருக்குக் 'க்ராவ்', கடுமை 'சே-வே-ரி-தே' என்பதில் அதே உயிருக்கு 'எகு'. இந்த விதிக்கு மாறாக, நிகழ்ச்சி என்று பொருள்படும் 'எவென்மா(ன்)' இரண்டாம் உயிருக்கும் 'எகு' போட்டுக்கொண்டு நின்றது. 1990-க்குப் பிறகு 'க்ராவ்' போட்டும் எழுதலாம். பழைய வடிவங்களும் பிழையாகக் கருதப்படுவதில்லை என்பதால் இரண்டு முறையும் இன்றுவரை உலவுகின்றன. திருத்தியவர்கள் இன்னும் சற்றுத் துணிந்திருக்கலாம் என்பது என் எண்ணம். 'ஒனெர்' குடும்பத்தை அவர்கள் தொடவே இல்லை.

சிவப்புக் கோடு நீலக் கோட்டை அடியோடு வென்றுவிட்ட சொற்களும் உண்டு. ஐவிக் கொடிக்குப் பழைய பெயர் 'இயேர்'. சுட்டிடைச்சொல்லான 'ல' உயிருக்கு முன் தன் உயிரை இழந்து 'லியேர்' என்று ஒட்டிக்கொண்டது. அசைப்படி கேட்டவர்களுக்கு அது ஒரே சொல்லாகத் தோன்ற, அதன் தலையில் இன்னொரு 'ல' சேர்த்தார்கள். இன்று அகராதியில் அது 'லியேர்'தான். மறுநாள் 'லா(ன்)த்மே(ன்)' என்றானதும், உள்நாக்கு 'லுயெத்' என்றானதும் இதே வழியில்தான். இதன் மறுதலையும் நிகழ்ந்தது: என் தோழி என்பதைக் குறித்த பழைய 'மாமீ', 'ம்-அமீ' என்று இருந்ததை மக்கள் 'மா-மீ' என்று வெட்டியதால், 'மீ' என்றே காதலிக்கு ஒரு தனிச்சொல் பிறந்தது.

இதே வேலையை வேண்டுமென்றே செய்வது 'வெர்லா(ன்)' எனும் இளைஞர் வழக்கு. தலைகீழ் என்று பொருள்படும் 'லா(ன்)-வேர்' என்பதன் அசைகளை இடம் மாற்றியே அதன் பெயரும் அமைந்தது. சந்தேகத்துக்குரியது 'லூஷ்', பேச்சில் ஒரே அசையாக இருப்பதை எப்படிப் புரட்டுவது? தூங்கிக்கொண்டிருக்கும் ஊமை எகரத்தை எழுப்பி 'லூ-ஷெ' என்று இரண்டாக்கி, 'ஷெலூ' என்று மாற்றுகிறார்கள். எந்த இலக்கண நூலையும் பார்க்காமல் அவர்கள் அசை பிரிக்கும் துல்லியம் என் சிவப்புப் பென்சிலுக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை.

பெண் என்ற பொருளுடைய 'ஃபாம்' என் நோட்டில் ஒரு முழுப்பக்கம். எகரம் எழுதி அகரம் ஒலிக்கும் சொல் அது. முன்னொரு காலத்து மூக்குயிர், மூக்கொலி போனபின் விட்டுச்சென்ற தடம்தான் அந்த அகரமும் இரட்டை மகரமும். கீழே 'ஃபெமெல்', 'ஃபெமினே(ன்)' என்று உறவினர்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் நீலமும் சிவப்புமாகக் கோடுகள். கடைசி வரியில் 'மெஃப்' என்று எழுதியிருக்கிறேன்: 'ஃபா-மெ' புரண்டு 'மெ-ஃபா' ஆகி, இறுதி உயிரையும் உதிர்த்துவிட்ட வெர்லா(ன்) சொல். அதில் முன்னொட்டும் இல்லை, விகுதியும் இல்லை. நீலப் பென்சிலால் கோடு போட இடம் தேடிவிட்டு, அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.